கல் பட்டது கண்ணாடியில்... வேலை ரப்பருக்கு அடியில்! - பழைய போர்ஷே 911-க்கு விண்ட்ஷீல்டு மாற்றுவது எப்படி?

முன்னால் போகிற லாரியின் டயரிலிருந்து ஒரு பொடிக்கல் தெறிக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம். விண்ட்ஷீல்டில் சின்னதாக ஒரு நட்சத்திரம் விழுகிறது. மறுநாள் காலையில் பார்த்தால், அது ஒரு முழ நீளக் கோடாக வளர்ந்திருக்கிறது. கார் வைத்திருக்கிற யாருக்கும் வரக்கூடிய தலைவலிதான் இது.

உங்களுடையது இந்தக் காலத்து கார் என்றால் கதை சிம்பிள். இன்ஷூரன்ஸுக்கு ஒரு போன், கண்ணாடிக் கடைக்கு ஒரு போன். பழைய பசையை அறுத்து, புதுப் பசை வைத்து, புதுக் கண்ணாடியை ஒட்டி, பசை பிடித்ததும் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதே கல் 1973-ம் வருட போர்ஷே 911 மேல் பட்டிருந்தால்? கண்ணாடி விலைக்குக் கிடைக்கும். அதை மாட்டவும் ஒரு மதியப்பொழுது போதும். ஆனாலும், சில கார்கள் இதே வேலைக்காக வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்.

ஏன்? 'நம்மகிட்ட எங்க பாஸ் போர்ஷே இருக்கு?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. விஷயம் போர்ஷேயோடு முடிவதில்லை. தாத்தா விட்டுப்போன அம்பாஸடரோ, நண்பன் ஆசையாக வாங்கி வைத்திருக்கும் பத்மினியோ... ரப்பர் வைத்துக் கண்ணாடி மாட்டிய எந்தப் பழைய காருக்கும் அடிப்படை இதுதான். கலெக்டர்கள் கொண்டாடும் ஒரு காரை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன் முக்கியம் என்பது இன்னும் தெளிவாகப் புரியும்.

ஒட்டாத கண்ணாடி

911 முதன்முதலில் 1963-ல் ஃபிராங்ஃபர்ட் மோட்டார் ஷோவில் தலைகாட்டியது. அப்போது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பிரான்ஸின் பெஜோ நிறுவனம் சொல்ல, 901 என்பது 911 ஆனது. அன்று தொடங்கி, 1989-ல் வந்த 964 தலைமுறை வரைக்கும் இந்த காரின் முன்கண்ணாடி ஒரே முறையில்தான் மாட்டப்பட்டது. பசை கிடையாது. ஸ்க்ரூ கிடையாது. கண்ணாடியைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர். நம் ஊர் மெக்கானிக்குகள் 'பீடிங்' என்பார்களே, அதேதான்.

இந்த ரப்பரை குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒன்றில் கண்ணாடியின் விளிம்பு உட்காரும். இன்னொன்று காரின் தகர விளிம்பைக் கவ்விக்கொள்ளும். வெளிப்பக்கம் இன்னொரு சின்னப் பள்ளம். அதில் அலங்காரத்துக்கான அலுமினியப் பட்டை சொருகப்பட்டிருக்கும். அதாவது கண்ணாடி தகரத்தைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே ரப்பர்தான் மெத்தை, அதுவேதான் பிடிமானம், அதுவேதான் மழைக்குக் காவல்.

1990-களில் வந்த 993 தலைமுறையில் போர்ஷே கண்ணாடியை ஒட்டும் முறைக்கு மாறியது. இன்றைய கார்கள் எல்லாமே அப்படித்தான். ஒட்டிய கண்ணாடி வெறும் ஜன்னல் இல்லை, பாடியின் ஒரு பகுதி. கார் உருண்டால் மேற்கூரை நசுங்காமல் தாங்க உதவுகிறது. பல கார்களில் முன்சீட் ஏர்பேக் விரியும்போது அதற்கு முட்டுக்கொடுப்பதும் அதுதான். பழைய 911-ல் இந்தப் பொறுப்பெல்லாம் கண்ணாடிக்குக் கிடையாது. அதனால் மாட்டுவது எளிது, கழற்றுவதும் எளிது. ஆனால் ரப்பருக்கு வயசாகும். ரப்பருக்கு வயசானால் தண்ணீர் உள்ளே வரும். கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாண்ட்விச்சுக்குள் என்ன இருக்கு?

விண்ட்ஷீல்டு என்பது ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்த சாண்ட்விச். இதற்குப் பெயர் லேமினேட்டட் கிளாஸ்.

இது பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1903-ல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. முன்பு அதில் இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து, உள்பக்கம் ஒரு படலமாகப் படிந்திருந்ததுதான் காரணம். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது பாதுகாப்புக் கண்ணாடி. ஆனால் செல்லுலோஸ் படலம் வெயிலில் மஞ்சளாகிவிடும். 1930-களில் பி.வி.பி என்கிற பிளாஸ்டிக் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று வரைக்கும் அதுதான். சாதாரணமாக 0.76 மில்லிமீட்டர் தடிமன். கல் பட்டால் வெளிக்கண்ணாடி உடையலாம். துண்டுகள் உங்கள் முகத்துக்கு வராமல் பிடித்துக்கொள்வது இந்தப் படலம்தான்.

இதற்கும் ஒரு எதிரி உண்டு. ஈரம். பல வருடங்கள் ஓரம் வழியாக ஈரம் ஏறினால், படலம் கண்ணாடியிலிருந்து பிரிய ஆரம்பிக்கும். பழைய கார்களின் கண்ணாடி மூலைகளில் பால் சிந்திய மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு பார்த்திருக்கிறீர்களா? அது அழுக்கு இல்லை, துடைத்தாலும் போகாது. சாண்ட்விச் பிரிகிறது என்பதற்கான அறிகுறி.

எல்லாப் பழைய கார்களிலும் லேமினேட்டட் கண்ணாடிதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ஐரோப்பிய கார்கள் பலவற்றில் முன்பக்கமே டஃப்பண்ட் கிளாஸ்தான். கல் பட்டால் மொத்தமும் ஒரே நொடியில் பொடிப்பொடியாக விரிசல் விட்டு, எதிரே எதுவும் தெரியாது. கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைப் படித்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். டஃப்பண்ட் என்றால், உடைவதற்கு முன்பே மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மாத்தணுமா, விட்டுடலாமா?

பழைய கார் பிரியர்களைத் தூங்கவிடாத கேள்வி இது. புது கார் ஓனருக்கு இந்தக் குழப்பமே வராது. ஆனால் 50 வருட கார் ஒன்றில், தொழிற்சாலையிலிருந்து வந்த கண்ணாடி இன்னும் இருக்கிறது என்றால் அது ஒரு சாட்சி. மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஜெர்மன் கார்களில் பெரும்பாலும் சிக்லா அல்லது செக்யூரிட். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால், அது அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும். 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்ஸ், 3 என்றால் இத்தாலி. பல நிறுவனங்கள் ஒரு இலக்கத்தையும் சில புள்ளிகளையும் வைத்து, எந்த வருடம், எந்த மாதம் தயாரானது என்பதையும் குறிப்பிட்டிருக்கும். காரின் வருடமும் கண்ணாடியின் வருடமும் பொருந்தினால், 'இந்த கார் முன்பக்கம் மோதி, கண்ணாடி உடைந்த கார் இல்லை' என்பதற்கு அது ஒரு சின்ன ஆதாரம்.

1973 மாடலான 911 கரேரா ஆர்.எஸ் 2.7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 1,580 கார்கள்தான். எடையைக் குறைப்பதற்காக மெல்லிய தகரம் போட்டார்கள்; பெல்ஜியத்தின் கிளாவெர்பெல் நிறுவனத்தின் மெல்லிய கண்ணாடியையும் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட காரில் ஒரிஜினல் கண்ணாடியைக் கழற்றிப்போட்டுவிட்டு சாதாரணக் கண்ணாடியை மாட்டினால், காரின் கதையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்த மாதிரி.

அதற்காக, எதிரே வருவது தெரியாத கண்ணாடியோடு ஓட்ட முடியுமா? முடியாது. முடிவெடுக்க இப்படி யோசிக்கலாம்:

* சின்ன நட்சத்திரம், ஓரத்திலிருந்து தள்ளி இருக்கிறது, டிரைவரின் நேர்ப்பார்வையில் இல்லை - ரெசின் ஏற்றி சரிசெய்யலாம். தழும்பு லேசாகத் தெரியும். ஆனால் விரிசல் பொதுவாக அதற்கு மேல் ஓடாது. அழுக்கும் ஈரமும் ஏறுவதற்குள் செய்துவிடணும்.

* வைப்பர் உரசிய மெல்லிய கோடுகள் - சீரியம் ஆக்ஸைடு பவுடர் வைத்து பாலிஷ் பண்ணலாம். நகத்தில் தட்டுப்படுகிற ஆழமான கீறல் என்றால் வேண்டாம். அவ்வளவு ஆழத்துக்குத் தேய்த்தால் கண்ணாடி அலையலையாகிவிடும், பார்க்கிறபோது தலை சுற்றும்.

* விரிசல் ஓரத்தைத் தொட்டுவிட்டது, அல்லது டிரைவரின் கண்ணுக்கு நேரே ஓடுகிறது - யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

* பல வருட மணல் பட்டு, இரவில் எதிர் லைட் விழும்போதெல்லாம் கண்ணாடி முழுக்க மின்னுகிறது - இதுவும் மாற்ற வேண்டிய கேஸ்தான். பகலில் சுத்தமாகத் தெரிவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஒருமுறை இருட்டில் ஓட்டிப்பாருங்கள்.

மாற்றினாலும் பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள். முழுசாகக் கழன்று வந்தால் போர்வை சுற்றி, நேராக நிற்கவைத்துப் பத்திரப்படுத்துங்கள். உடைந்துவிட்டதா? முத்திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து, காரின் ஃபைலில் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு காரை வாங்குபவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி...

911-ன் கண்ணாடி வடிவம் பல வருடங்கள் பெரிதாக மாறவில்லை. அதனால் புதுக் கண்ணாடி கிடைப்பது பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் எல்லாம் சின்ன விஷயங்களில்தான்.

முதலாவது நிறம். உங்கள் காரின் மற்ற கண்ணாடிகள் நிறமற்றவையா, லேசான பச்சையா? முன்னால் மட்டும் பச்சை, பக்கத்தில் வெள்ளை என்றால் பல்லைக் கட்டிய மாதிரி தனியாகத் தெரியும். இரண்டாவது, மேல்பக்க நிழல் பட்டை. உங்கள் காரில் இருந்ததா இல்லையா என்று பாருங்கள். மூன்றாவது, ரேடியோ. 1980-களின் சில 911-களில் ஆன்டெனா கம்பி கண்ணாடிக்குள்ளேயே ஓடும். அது இல்லாத கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டால், ரேடியோவில் இரைச்சல்தான் கேட்கும்.

நான்காவதுதான் முக்கியம்: பழைய ரப்பரை மறுபடியும் போடவே போடாதீர்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கலாம். ஆனால் பழைய ரப்பர் சுருங்கி, இறுகி, பழைய கண்ணாடியின் வடிவத்துக்கே பழகிப்போயிருக்கும். புது ரப்பரிலும் தரம் பார்க்கணும். மலிவான ரப்பர்களில் பெரும்பாலும் மூலைகள்தான் காலை வாரும். வளைவில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும். கண்ணாடியில் மிச்சம் பிடித்தாலும் ரப்பரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கழற்றுகிற நாள்

முதலில் வைப்பர் கைகள் வெளியே வரும். அடுத்து கார் பெயின்ட் மேல் போர்வை. டேஷ்போர்டின் மேலே, கண்ணாடிக்கு அடியில் நீளமாக இருக்கும் காற்றுத் துவாரங்களை டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். இந்தச் சின்ன வேலையை மறந்தால், கண்ணாடித் துகள்கள் அதற்குள் விழும். பல மாதம் கழித்து ஃபேனை முழு வேகத்தில் போடும்போது கண்ணுக்கு நேரே பறந்து வரும்.

கண்ணாடியைக் காப்பாற்றுவதா, ரப்பரைக் காப்பாற்றுவதா என்றால், ரப்பரைத் தியாகம் செய்வதுதான் சரி. வெளிப்பக்க உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்து எடுத்துவிட்டால், கண்ணாடியை உள்ளிருந்து ஒருவர் மெதுவாகத் தள்ள, வெளியே ஒருவர் வாங்கிக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் இரண்டு நஷ்டம்: கண்ணாடி ஓரம் சிதறும், தகர விளிம்பில் பெயின்ட் பெயரும். இரண்டாவது நஷ்டம் உடனே தெரியாது. சில வருடம் கழித்து, துருவாகத்தான் தெரியும்.

அலுமினியப் பட்டையில் தனிக் கவனம் வேண்டும். ரொம்ப மென்மையானது. ஒருமுறை மடங்கிவிட்டால் அந்த மடிப்பு போகவே போகாது, எவ்வளவு நிமிர்த்தினாலும் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். ரப்பரை வெட்டிவிட்டுப் பட்டையை எடுங்கள். பட்டையை இழுத்து ரப்பரைக் கழற்றாதீர்கள்.

ரப்பருக்கு அடியில் காத்திருக்கும் ரகசியம்

இப்போது கண்ணாடி இல்லை. கார் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. மொத்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இந்த நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் கவ்வியிருந்த தகர விளிம்பைப் பாருங்கள். குறிப்பாக, கீழ்ப்பக்கத்தின் இரண்டு மூலைகள். மழைத் தண்ணீர் வழிந்து வந்து தங்குவது அங்கேதான். ரப்பருக்கு அடியில் நுழைந்த ஈரத்துக்கு வெயிலும் படாது, காற்றும் படாது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, தகரத்தைத் தின்றுகொண்டிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் ரப்பர் ஓரத்தில் பெயின்ட் லேசாகக் கொப்பளித்திருக்கும், அவ்ளோதான். உள்ளே விரல் போகிற ஓட்டை இருக்கலாம்.

1976 மாடலிலிருந்து போர்ஷே 911-ன் பாடிக்கு இரண்டு பக்கமும் துத்தநாகம் பூசிய தகரத்தைப் பயன்படுத்தியது. துரு ஓட்டை போடாது என்று 6 வருட வாரன்டியும் கொடுத்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். அதற்கு முந்தைய கார்களுக்கு அந்தக் கவசம் முழுமையாக இல்லை. கலெக்டர்கள் அதிக விலை கொடுத்துத் தேடுவது பெரும்பாலும் அந்த முந்தைய கார்களைத்தான். அதாவது, விலை அதிகமுள்ள காரில்தான் துரு அபாயமும் அதிகம். துத்தநாகம் பூசிய கார்களும் தப்பித்துவிடாது. யாரோ முன்பு கத்தியால் கீறியிருந்தால், அந்தக் கீறலில் ஆரம்பித்திருக்கும்.

இங்கேதான் ஓனருக்குப் பரீட்சை. புதுக் கண்ணாடி பக்கத்தில் ரெடியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் மீட் இருக்கிறது. 'துரு கொஞ்சம்தானே... மேல கொஞ்சம் பட்டி தடவி, ரப்பரைப் போட்டு மூடிடலாம்' என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் சொல்வதைக் கேட்டால் என்ன ஆகும்?

ஒன்று, துரு நிற்காது. அடியில் வேலையைத் தொடரும். இரண்டு, பட்டி வைத்த இடம் மேடாகும். கண்ணாடி நசுக்குவதைத் தாங்கும், வளைப்பதைத் தாங்காது. விளிம்பில் ஒரு மேடு இருந்தால், அந்த இடத்தில் கண்ணாடி வளையும். மாட்டும்போதே உடையலாம். அல்லது வெயிலில் நின்ற கார் திடீர் மழையில் குளிரும்போது, கல்லே படாமல் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பும். 'கண்ணாடி குவாலிட்டி சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டுவோம். பாவம், தப்பு அவருடையது இல்லை.

சரியான வழி மெதுவானது. துருவை உலோகம் தெரியும் வரை சுரண்ட வேண்டும். ஓட்டை இருந்தால் புதுத் தகரம் வெட்டி வெல்டிங் வைக்கணும். வெல்டிங் தடிப்பை விளிம்பின் பழைய தடிமனுக்கே தேய்த்துக் கொண்டுவரணும். பிறகு துரு தடுக்கும் பிரைமர், பெயின்ட். பெயின்ட் நன்றாக இறுகும் வரை காத்திருக்கணும். ஈரம் போகாத பெயின்ட் மேல் ரப்பரை அழுத்தினால் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். மாட்டுகிற வேலை ஒரு மதியம், கார் ஷெட்டில் நிற்பது வாரக்கணக்கு என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான்.

காத்திருக்கும் நாள்களை வீணாக்க வேண்டாம். டேஷ்போர்டின் மேல்பகுதி வெயிலில் வெடித்திருக்கிறதா? மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கண்ணாடி இருக்கும்போது கை நுழையாத இடமெல்லாம் இப்போது திறந்து கிடக்கிறது.

கயிறு வித்தை

இனி பார்க்கவே அழகான பகுதி. அரை நூற்றாண்டு பழைய டெக்னாலஜி. தேவைப்படுவது சோப்புத் தண்ணீர், ஒரு நைலான் கயிறு, இரண்டு மனிதர்கள்.

முதலில், மென்மையான துணி விரித்த மேஜையில் கண்ணாடியை வைத்து, சுற்றிலும் ரப்பரை மாட்ட வேண்டும். ரப்பர் முரண்டு பிடித்தால் வெயிலில் கொஞ்ச நேரம் போட்டாலே இளகிவிடும். மேல், கீழ் நடுப்பகுதிகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள்.

அடுத்து, அலுமினியப் பட்டை. 911-ல் புதிதாக வேலை செய்பவர்கள் சறுக்குகிற இடம் இது. கண்ணாடியைக் காரில் மாட்டியபிறகு பட்டையைச் சொருகலாம் என்று நினைப்பார்கள். முடியாது. ரப்பர் தகரத்தைக் கவ்வியபிறகு அந்தப் பள்ளம் இறுகிவிடும். பலம் கொடுத்தால் பட்டைதான் மடங்கும். அதனால் இந்த காரில் பட்டை முதலில், கார் பிறகு. இரண்டு துண்டுகளாக வரும் பட்டையின் இணைப்புகளை மறைக்க சின்ன மூடிகள் உண்டு. அவற்றைத் தொலைத்துவிடாதீர்கள்.

இப்போது கயிறு. தகரத்தைக் கவ்வப்போகிற பள்ளத்துக்குள் கயிற்றைச் சுற்றிலும் அழுத்தி வையுங்கள். இரண்டு முனைகளும் கீழே நடுவில் ஒன்றையொன்று கொஞ்ச தூரம் தாண்டி, கேபின் பக்கம் தொங்க வேண்டும். ரப்பருக்கும் தகர விளிம்புக்கும் தாராளமாக சோப்புத் தண்ணீர்.

இரண்டு பேர் கண்ணாடியைத் தூக்கிவந்து, திறப்பின் நடுவில் வைக்கிறார்கள். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்துகிறார். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றின் ஒரு முனையை மெதுவாக இழுக்கிறார். கயிறு வெளியே வரவர, ரப்பரின் உள் உதடு தகர விளிம்பைத் தாண்டி கேபின் பக்கம் விழும். 'ப்ளக்... ப்ளக்...' என்று அங்குலம் அங்குலமாக. கயிறு எங்கே இருக்கிறதோ, வெளியே இருப்பவரின் கையும் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் இடையே பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். 'அமுக்கு... நிறுத்து... கொஞ்சம் மேல... இப்ப இழு.'

ஒரு பக்கமே முழுசாக இழுத்துவிடக் கூடாது. கீழே கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, பிறகு இரண்டு பக்கமும் மேலேறி, கடைசியில் மேல்பக்க நடுவில் சந்திக்கணும். மூலைகளில்தான் பொறுமை. ரப்பர் ஏறவில்லை என்றால் பலம் கூட்டக் கூடாது. சோப்புத் தண்ணீரைக் கூட்டணும். அப்போதும் ஏறவில்லையா? கண்ணாடியை வெளியே எடுத்து மறுபடி ஆரம்பிக்கணும். அனுபவமுள்ளவர்கள் அதை அவமானமாக நினைப்பதில்லை. உடைந்த கண்ணாடியைவிட, இரண்டாவது முயற்சி ரொம்ப மலிவு.

சிலிக்கான் ட்யூபை ஓரமா வைங்க!

மாட்டி முடித்ததும் யாராவது ஒருவர் 'சுத்தி ஒரு சிலிக்கான் அடிச்சிருவோம், சேஃப்டிக்கு' என்பார். தயவுசெய்து வேண்டாம்.

வினிகர் வாசனை வரும் சாதாரண சிலிக்கான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அது தகரத்தை அரிக்கும். எந்தத் துருவை எடுக்க இத்தனை வாரம் காத்திருந்தோமோ, அதற்கே விருந்து வைத்த மாதிரி. இன்னொன்று, சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னாளில் பெயின்ட் பிடிக்காது. மீன் கண் மாதிரி வட்டவட்டமாக விலகி நிற்கும். நல்ல ரப்பர், நேரான விளிம்பு இருந்தால், எதுவும் இல்லாமலே தண்ணீர் நிற்கும். தேவைப்பட்டால், இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் பியூட்டைல் வகை சீலன்ட் இருக்கிறது. அடுத்தமுறை கழற்றும்போதும் அது வம்பு பண்ணாது.

கடைசியாகத் தண்ணீர் டெஸ்ட். பிரஷர் வாஷர் வேண்டாம், சாதாரண ஹோஸ் போதும். கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, ஓட்டை எங்கே என்று தெரியாது. உள்ளே ஒருவர் மொபைல் டார்ச்சும் டிஷ்யூ பேப்பரும் வைத்துக்கொண்டு ஓரங்களை ஒற்றிப் பார்க்கட்டும். கார்பெட்டுக்கு அடியிலும் கை விடுங்கள். தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, தேங்குகிற இடம் வேறாக இருக்கும்.

யார்கிட்ட கொடுக்கலாம்?

பளபளப்பான கண்ணாடி ஷோரூமில் வேலை செய்யும் இளைஞருக்கு, பசை வைத்து ஒட்டுவதும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவை செட் பண்ணுவதும் அத்துப்படி. ஆனால் கயிறு போட்டு ரப்பர் ஏற்றத் தெரிந்திருக்கணும் என்று கட்டாயம் இல்லை. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இதே நிலைதான். பழைய கார் ஓனர்கள் தேடிப்போவது வயதில் மூத்த கைகளைத்தான். நம் ஊரில் அந்த வித்தை அம்பாஸடர், பழைய பஸ், லாரிக்குக் கண்ணாடி போட்டுப் பழகியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் போர்ஷேயைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ரப்பர் எப்போது ஏறும், எப்போது முரண்டு பிடிக்கும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும்.

யாராக இருந்தாலும், வேலையைக் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. 'பட்டையை எப்போ போடுவீங்கண்ணே?' - 911 என்றால், 'மாட்டுறதுக்கு முன்னாடி' என்ற பதில் வரணும்.

2. 'மாட்டும்போது உடைஞ்சா யார் பொறுப்பு?' - பதில் எதுவானாலும் பரவாயில்லை, வேலைக்கு முன்பே பேசி முடித்திருக்கணும்.

3. 'அடியில துரு இருந்தா என்ன செய்வீங்க?'

மூன்றாவது கேள்விக்கு, 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், மேல ரப்பர் வந்துடும், தெரியாது' என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 'வேலையை நிறுத்திட்டு உங்களுக்கு போன் பண்ணுவேன், வந்து பாருங்க' என்று சொன்னால், அவர்தான் உங்கள் ஆள். கண்ணாடியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரப்பருக்கு அடியில் இருப்பதை அதைக் கழற்றியவரும் நீங்களும் மட்டும்தான் பார்க்கப்போகிறீர்கள். அடுத்த வாய்ப்பு வர இன்னும் 20, 30 வருடங்கள் ஆகலாம்.